மில் கதவில் எழுதிய நேரப் பட்டியல்

ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம் போதவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலத்தில் எனக்கு ஒரு மாவு மில் இருந்தது. அது நன்றாக ஓடியதும் ஆசை விடவில்லை, அரூரில் இன்னொன்று போட்டேன். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸிலேயே பாதி ஆயுசு போனது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோறு விழுவதற்குள் நாலு தடவை கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். வீட்டு விஷயம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகுதான் பேச வேண்டும் என்று என் மனைவிக்குச் சட்டம் போட்டிருந்தேன். மற்ற நாளில் அவள் வாயைத் திறந்தால், "ஞாயித்துக்கெழம சொல்லு" என்பேன். இதையெல்லாம் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சந்தை நாளில் மில்லில் கால் வைக்க இடமிருக்காது. சுற்று வட்டாரத்து ஊர்ப் பெண்களெல்லாம் ராகியும் கம்பும் கூடையில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கூடையை வரிசையில் வைத்துவிட்டால் போதும், ஆள் நிற்க வேண்டியதில்லை. கூடை நகர்ந்தால் ஆள் நகர்ந்த மாதிரி. அவர்கள் போய் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கரண்டு எப்போது போகும் என்று தெரியாமல் நான் பறந்துகொண்டிருப்பேன்.

அந்த வரிசையில் இரண்டு கூடைகள் மட்டும் முன்னால் வராமல் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒன்று ஐம்பது வயதுக்காரி ஒருத்தியுடையது. காலையிலேயே முதல் ஆளாக வந்துவிடுவாள். ஆனால் அவள் முறை வந்ததும், "நீங்க மொதல்ல அரைச்சிக்குங்க" என்று யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடையைக் கடைசிக்கு இழுத்துக்கொள்வாள். பதினோரு மணிக்கு வேறொரு ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் வருவாள். அவளும் அதே வேலைதான் செய்வாள். சாயங்காலம் வரைக்கும் இரண்டு கூடையும் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர்கள் அம்மாவும் மகளும். கல்யாணத்தின்போது கறவை மாடு ஒன்று தருவதாக அம்மா வீட்டில் பேசியிருந்தார்கள். தர முடியவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் வா, இல்லாவிட்டால் வாசல் மிதிக்காதே என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். மகளுக்கும் தாய்வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று கட்டளை. ராகி அரைக்க என்று சொல்லிவிட்டு வருகிற அந்த ஒரு நாள்தான் அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கும் நாள். வரிசை எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு நேரம் சேர்ந்து உட்காரலாம். மில்லுக்கு வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். எடை போட உட்காரும் என் மனைவிக்கும் தெரியும். மில்லை நடத்துகிற எனக்குத்தான் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஏது நேரம்?

ஒரு நாள் அந்த அம்மாள் மூன்றாவது தடவையாகக் கூடையைப் பின்னுக்கு இழுத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊருக்கு ஒரு கிழமை, கிழமைக்கு ஒரு நேரம். பெயின்ட் வாங்கி வந்து மில் கதவில் நானே பட்டியல் எழுதினேன். அம்மா ஊருக்குத் திங்கள், எட்டிலிருந்து பத்து. மகள் ஊருக்கு வியாழன், பத்திலிருந்து பன்னிரண்டு. சந்தை நாளில் மில் கிடையாது, அன்றைக்கு நான் அரூர். வரிசை, கூட்டம், புளியமரத்தடிப் பேச்சு எல்லாம் ஒரே வாரத்தில் ஒழிந்தது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மிச்சம். பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் கூடையோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, ஒங்க ஊருக்குத் திங்கக்கெழமதானே?"

"அரைக்க வேணாங்க மொதலாளி. சும்மா செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போயிடறேங்க."

"ஒக்காந்து பாக்கறதுக்கு இங்க என்ன சினிமாவா ஓடுது? போம்மா போ. ஒருத்தர விட்டா எல்லாரும் வருவீங்க."

அங்கிருந்த இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். நல்ல ஹாஸ்யம் சொல்லிவிட்ட மாதிரி நானும் சிரித்தேன். அவள் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். நாலு மைல். வியாழக்கிழமை வரச்சொல்லி அவளிடம் ரகசியமாகச் சொன்னவளே என் மனைவிதான்.

அன்றைக்கு மத்தியானம் என் மனைவி, "ஏங்க, அந்தம்மா விஷயம் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கெழம சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அரூர் மில்லில் மோட்டார் புகைந்துவிட்டது என்று ஓடினேன். அடுத்த ஞாயிறு ஒரு வியாபாரியைப் பார்க்க சேலம். அதற்கடுத்தது, வந்ததும் அசந்து தூங்கிவிட்டேன். நாலாவது ஞாயிறு, காப்பித் தம்ளரைக் கீழே வைத்த சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "ஒங்களுக்கு மிச்சமான நேரம் யாரு வூட்டு நேரம்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

அவமானமாக இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று நாலு பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். சத்தியமாக அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அப்போதே சைக்கிளை எடுத்தேன். சந்தை நாளில் மில்லைத் திறக்கிறேன், இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் உட்காரட்டும், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே மிதித்தேன். அந்த அம்மாள் வீட்டு முன்னால் அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறிப்போய் முந்தானையை இழுத்து மூடினாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"மவ வூட்டுக்காரங்க குடும்பத்தோட குடகுக்குப் போயிட்டாங்களேங்க" என்றாள். "காப்பித் தோட்டத்துக்கு. மழ இல்லாம இங்க என்ன பண்ணுவாங்க, பாவம். போயி பத்து நாளாச்சுங்க."

பந்தல் காலில் சைக்கிளைச் சாய்த்துவைத்தேன்.

"கெளம்பறதுக்கு முந்தி வியாழக்கெழம மில்லுக்கு வந்தாளாம்ங்க. கூட வந்த பொம்பள சொன்னா. நான் வருவேன்னு பாத்திருக்கா போல."

நினைவு வந்துவிட்டது. அன்றைக்கு என் மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பெண் ஒருத்தி வந்து கூடையை வைக்காமலே கதவோரம் நின்றாள். "எனக்குக் கடைசியா அரைங்க, அவசரமில்லீங்க" என்றாள். நான் அவள் கையிலிருந்து கூடையைப் பிடுங்காத குறையாக வாங்கி, முதலில் அவளுடையதைத்தான் தொட்டியில் கொட்டினேன். பத்து நிமிஷத்தில் மாவைக் கொடுத்து, "பாத்தியாம்மா, எப்பிடி முடிஞ்சுதுன்னு? நேரா வூட்டுக்குப் போ" என்று அனுப்பினேன். உதவி செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

அந்த அம்மாள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிட்டே வந்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"மொதலாளி, நீங்கதானே கடைசியாப் பாத்தீங்க. எப்பிடிங்க இருந்தா? அஞ்சு மாசம் அவளுக்கு. வயிறு தெரிஞ்சுதுங்களா?"

நான் பார்க்கவே இல்லை. கூடையைப் பார்த்தேன், மாவைப் பார்த்தேன், அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எதிரே வந்து நின்றால் அடையாளம் சொல்ல மாட்டேன். அதை அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வேன்?

"தெரிஞ்சுதும்மா. நல்லா இருந்தா."

"என்ன சேல கட்டியிருந்தா?"

"பச்ச" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"பச்சயா?" என்று யோசித்தாள். "அவகிட்டப் பச்சச் சேல கெடையாதேங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப அவங்கதான் புதுசா எடுத்துக் குடுத்திருக்கணும். மாசமா இருக்கறாளேன்னு மனசு எறங்கிட்டாங்க போல. நல்லாத்தான் வெச்சிருக்காங்க, இல்லீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.