ஐஸ் குடித்த பைன் மரம்

கொஞ்ச நாளாக என் சட்டையில் மீன் நாற்றம். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலோரம் மாறிப் போய்விட்டார். நான் என்ன மீன் வியாபாரமா ஆரம்பித்துவிட்டேன்? இல்லை. ஒரு மரம் வளர்த்தோம். அதைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது... ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எங்கள் ஊர் காஜா பெராங்கில் எனக்கு அடுத்த வீடு பாக்கியம் அக்கா. கணவர் இல்லை. ஒரே மகன் செல்வம், ஆசிரியர் பயிற்சிக்காகச் சீமைக்குப் போயிருக்கிறான். அக்கா தையல் வேலை பார்த்த பங்களாவின் துரைசானி, மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததும் ஊருக்கு மூட்டை கட்டினார். போகும்போது ஒரு பூச்சட்டியை அக்கா கையில் கொடுத்தார். அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பைன் கன்று.

பனி கொட்டும் தேசத்து மரமாம். விதையை முந்திரி மாதிரி தின்னலாமாம், இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமாம்.

"விதை காய்க்க ரொம்ப வருஷம் ஆகுமேக்கா?"

"ஆகட்டும். செல்வத்துக்குப் பிள்ளை பொறந்து, அதுக்குப் பல்லு முளைக்க வேணாமா?"

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்?

"குளிர் நாட்டு மரம் நம்ம வெயில தாங்கி தாஹான் பண்ணிட்டா, எம் பையனும் அங்க குளிர தாஹான் பண்ணிடுவான் தம்பி" என்றார். மறுத்துப் பேச யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை. அதற்குத் தண்டனை — தினமும் காலையில் சைக்கிளில் பாசாருக்குப் போய், மீன்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கி வர வேண்டும். மரத்துக்கு ஊர் ஞாபகம் வரணுமாம். வேரைச் சுற்றி ஐஸ், மேலே நனைத்த கோணி!

ஐஸ் வைக்க வைக்க இலை பழுத்தது. வேர் அழுகியிருக்க வேண்டும். அக்கா அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், திருஷ்டி சுற்றிப் போட்டார். மரம் கேட்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மரம் போனால் போகட்டும், இந்த அம்மாள் என்ன ஆவார்?

போன ஞாயிற்றுக்கிழமை ஐஸோடு போனால், சட்டி காலி. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த பச்சை இலைகளைக் கிள்ளி, மிளகு சீரகம் தட்டிப் போட்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

"குடிங்க லா. வீணாக்கக் கூடாது."

வார்னிஷ் அடித்த நாற்காலியை வேக வைத்த மாதிரி இருந்தது.

"அப்போ மரம்..." என்று இழுத்தேன்.

"செத்துப் போச்சு தம்பி. நேத்தெல்லாம் அழுதுட்டேன்." ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அப்புறம்தான் யோசிச்சேன். புடிக்கலன்னா எந்திரிச்சு ஊருக்குப் போக அதுக்குக் கால் இல்ல. எம் பையனுக்கு இருக்கு."

கால் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்களா என்ன? வாய் வரை வந்தது... இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டேன்.