கிடாரத்துக்குள் அடங்காத மருமகன்

ஹொக்கி மட்டை ஒன்றை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தது, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் பின்னால் விழுந்துவிட்ட என் விபூதிப் பையை இழுத்தெடுப்பதற்காகத்தான். மட்டை என் மருமகனுடையது. அவரும் என் மூத்த மகளும் பாரிசின் புறநகரான ஆர்ஜொந்தெய்யில் எங்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அன்று செய்த உபகாரத்துக்கு மேல் அந்த மட்டையிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. அத்தகைய என்னை, இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டளவில், லா ஷப்பல் பகுதித் தமிழ் ஹொக்கிக் கழகம் ஒன்று தன் தலைவராக்கிக்கொண்டது.

கழகத்தின் கப்டன், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்னும் தெருவின் வடக்கு முனையில் உணவகம் நடத்துபவர். ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் நான் பதிகம் ஓதி முடித்து வெளியே வந்தபோது, செருப்புகளின் பக்கத்தில் காத்து நின்றார்.

"ஐயா, எங்கடை கழகத்துக்கு நீங்கள்தான் தலைவரா வரவேணும்."

"தம்பி, எனக்கு விளையாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாதே."

"விளையாட்டுத் தெரிஞ்சவை எல்லாரும் விளையாடிக்கொண்டு நிக்கினம் ஐயா. எங்களுக்கு இப்ப மச்சம் மாமிசம் சாப்பிடாத ஆள்தான் தேவை."

இந்தத் தகுதி எதற்கு என்பதை விளக்கவேண்டும். எங்கள் ஆட்டக்காரர் எவருக்கும் சம்பளம் கிடையாது. கடைகளிலும் சமையலறைகளிலும் அலுவலகங்களிலும் வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு, ஞாயிறு பயிற்சி முடிந்ததும் கப்டனின் உணவகத்தில் வயிறாரச் சாப்பிடுவார்கள். அந்தச் சோறே அவர்களுடைய ஊதியம். இந்த ஒழுங்கு நன்றாகத்தான் நடந்தது, லா ஷப்பலுக்கு அடுத்த ஸ்டாலின்கிராட் பக்கத்துக் கழகம் ஆட்டிறைச்சிப் புரியாணி போடத் தொடங்கும்வரை. அதன்பின் இன்னொரு கழகம் கணவாய் மீன் பொரித்தது. எங்கள் பின்வரிசைக்காரர் ஒருவர் நண்டுக்கறியின் பொருட்டுப் பருவத்தின் நடுவிலேயே அணி மாறினார்.

அப்போது கப்டனுடைய தமையனார் கனடாவிலிருந்து தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். அங்கே பனித்தரையில் ஹொக்கி ஆடும் பெருங்கழகங்களுக்கெல்லாம் ஊதிய உச்சவரம்பு உண்டாம். எவ்வளவு செல்வம் இருந்தாலும் அந்த வரம்புக்கு மேல் ஆட்டக்காரருக்குக் கொடுக்க முடியாதாம். பருவம் முடிந்ததும் எல்லாக் கழகங்களும் உட்கார்ந்து, எவரை வைத்துக்கொள்வது, எவரை விடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளுமாம். கேட்டதும் எங்கள் நான்கு கழகங்களும் கூடி ஒரு சட்டம் செய்தன. கழகத்துக்கு ஒரு கிடாரம். நான்கு கிடாரங்களும் ஒரே கடையில், ஒரே அளவில் வாங்கப்பட்டன. ஆட்டக்காரர் வாயில் விழும் ஒவ்வொரு பருக்கையும் அந்தப் பெரும்பாத்திரத்திலிருந்தே வரவேண்டும். இரண்டாம் பாத்திரம் கூடாது. ஓரமாக ஒரு தட்டு ரோல்ஸ் கூடாது. பையில் வைத்துக் கொடுத்துவிடும் பொட்டலமும் கூடாது. கிடாரத்துக்குப் பொறுப்பாளர் கழகத் தலைவர். இறைச்சி உண்ணும் தலைவர்கள் ருசி பார்ப்பதாகச் சொல்லி அகப்பையோடு நின்றதால் ஒவ்வொரு கழகத்திலும் சச்சரவு. ஆகவேதான் என்னைத் தேடி வந்தார்கள்.

நானும் அந்தப் பணியை ஒரு தொண்டாகவே ஏற்றேன். இறைவன் அடியாரை ஆட்கொள்வதற்கு எல்லை ஏது? கழகம் ஆட்டக்காரரை ஆட்கொள்வதற்கு மட்டும் வட்டமான, கைபிடி வைத்த ஓர் எல்லை இருந்தது.

அந்த ஆண்டு கோடைப் போட்டிகள் முடிந்து இலையுதிர்காலம் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு தமிழ் இளைஞர் பாரிசுக்குக் குடிவந்தார். அவர் பந்தைக் கொண்டு ஓடினால் எதிரணி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான் என்றார்கள். கப்டனுக்கு அவர் மேல் காதலே வந்துவிட்டது. ஆனால் கிடாரம் ஏற்கெனவே அடி தெரியக் காலியாகிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஒண்டு சொன்னால் கோவிக்கப்படாது."

"சொல்லும் தம்பி."

"கோலுக்கை நிக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார் எல்லோ?"

"ஓம். என்ரை மருமகன்."

"நான் ஆளைச் சொல்லேல்லை ஐயா, இடத்தைச் சொல்லுறன். அந்த இடம் சாப்பிடுற சோத்திலை மூண்டு முன்வரிசைக்காரரை வைச்சிருக்கலாம். எங்கடை மன்னார்ப் பொடியனும் கோலுக்கை நிப்பான். ரெண்டு அகப்பை போட்டால் எழும்பிடுவான்."

மன்னார்ப் பொடியன் என்றது, மாற்றுக் கோல்காப்பாளராக இருந்த ஒல்லியான இளைஞரை. எங்கள் கழகத்தில் அவர் ஒருவர்தான் கத்தோலிக்கர்.

கப்டன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மருமகனிடம் போய், நீங்கள் அதிகம் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லும் மாமனார் எங்கள் சனத்தில் இன்னும் பிறக்கவில்லை. அவர் போதும் என்றால்கூட இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவதுதான் முறை. என் மருமகன் போதும் என்று சொன்னதே இல்லையாதலால், கெஞ்சும் வாய்ப்பு எனக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. அது போகட்டும். வாரம் முழுவதும் பொதிக் கிடங்கு ஒன்றில் குனிந்த தலையோடு வேலை செய்யும் அந்த மனிதர், ஞாயிறன்று கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றால், சந்நிதி வாசலின் துவாரபாலகர் போல நிமிர்ந்து நிற்பார். நான் பூசை விளக்கை விளக்குவது போல அவர் அந்தக் கால்காப்புகளைத் துடைப்பார். சோற்றின் பொருட்டு அவரை அந்த வாசலிலிருந்து இறக்குவது எங்ஙனம்?

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளுடைய கவலை வேறு.

"உவையள் நிப்பாட்டினால் ஞாயிற்றுக்கிழமையும் இஞ்சைதான் சாப்பாடு. அதை யோசிச்சனீங்களே?"

யோசித்தேன். இறுதியில், கிடாரமே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அறிவித்தேன். வரும் ஞாயிறு எல்லா ஆட்டக்காரரும், ஜெர்மன்காரத் தம்பி உட்பட, என் கண்முன் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். மிச்சத்தைப் பார்த்து முடிவெடுப்போம். உணவகத்தின் பின்மண்டபம் அந்த ஒரு ஞாயிறுதான் ஓய்வாயிருந்தது. அது கந்தசஷ்டி நாட்களுக்குள் விழுந்தது. எனக்கு விரதம். ஆனால் என் வேலை பார்ப்பதுதானே தவிர உண்பதன்று. நான் இருப்பதால் கிடாரத்தில் மரக்கறிச் சமையல் என்றும் ஒழுங்காயிற்று. ஹொக்கி ஆடுபவர்களுக்கும் விரதம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் என் சிந்தையில் உதிக்கவேயில்லை. அன்னதான வரிசையில் அல்லாது வேறெங்கும் அவர்களை நான் கோயிலில் கண்டதில்லை.

ஞாயிறு வந்தது. நான் ஒரு குவளைப் பாலோடு கிடாரத்தின் பக்கத்தில் அமர்ந்தேன். அகப்பை கப்டன் கையில். முதல் ஆட்டக்காரர் தட்டை நீட்டினார். ஓர் அகப்பை விழுந்ததும் கையால் மறித்தார்.

"காணும் அண்ணை. பல்லுக்கொதி, மெல்ல ஏலாது."

அடுத்தவர், "டொக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்னவர்" என்றார். அதற்கடுத்தவருக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்ததாம். மேலும் ஒருவர், வரும் வழியில் மாமியார் வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னார். அவருக்குத் திருமணமே ஆகவில்லை. ஜெர்மன்காரத் தம்பி தயிரும் ஒரு வாழைப்பழமும் போதும் என்று ஒதுங்கினார். என் மருமகன் ஓர் அகப்பைச் சோற்றைத் தட்டில் பரப்பி, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டோ?" என்றேன். ஆண்டுக்கணக்காகச் சொல்லக் காத்திருந்த வசனம் அது.

"வேண்டாம் மாமா. போதும்."

நான் பால் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன்.

இத்தனைக்கும் நடுவே மன்னார்ப் பொடியன் ஒருவர்தான் பயிற்சி முடிந்து பசித்து வந்த மனிதர் சாப்பிடுவது போலச் சாப்பிட்டார். "அண்ணை, இன்னொருக்காப் பருப்பு விடுங்கோ" என்று அவர் தட்டை நீட்டியபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் உமிழ்நீரை விழுங்கிய ஓசை எனக்குக் கேட்டது. அதை நான் அருவருப்பு என்று எண்ணினேன்.

கப்டன் கிடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அவர் குரல் உள்ளிருந்து முழங்கிற்று.

"ஐயா, பாதிக்கு மேலை அப்பிடியே கிடக்குது! ஜெர்மன்காரனோடை அவன்ரை சிநேகிதனையும் எடுக்கலாம்!"

அன்றே இருவரும் அணியில் சேர்க்கப்பட்டார்கள். கிடாரத்துக்குப் பெருஞ்சுமை என்று கண்டறியப்பட்ட மன்னார்ப் பொடியன் அன்றே விடுவிக்கப்பட்டார். அவர் வாசலில் நின்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை மனுசர் சாப்பிடுறதைத்தானே நானும் சாப்பிட்டனான்?"

சூரசம்மாரத்தன்று கோயிலில் நெரிசல். ஓதுவதற்காக முன்னே செல்ல வழி கேட்டபோது, வேட்டி கட்டிய ஒரு முதுகு சட்டென்று திரும்பி ஒளிந்தது. பல்லுக்கொதிக்காரர். அவர் ஒளிந்த தோளுக்குரியவர் டொக்டர் சொற்கேட்டவர். சற்று உற்றுப் பார்த்தேன். அணி முழுவதும் அங்கே நின்றது, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல். கன்னங்கள் ஒட்டி, நெற்றி நிறைய நீறு பூசி, எல்லாரும் பழுத்த ஞானிகள் போலத் தோன்றினார்கள். கடைசி வரிசையில் என் மருமகன்.

"தம்பி, விரதமோ?"

"ஓம் மாமா." தலையைக் குனிந்தார். "கோலுக்காலை என்னை எடுத்துப்போடப்படாது எண்டு ஒரு நேர்த்தி."

மற்றவர்களிடமும் கேட்டேன். ஒவ்வொருவரும் தன் இடம் போய்விடக்கூடாது என்று தனித்தனியே நேர்ந்து விரதம் பிடித்திருந்தார். ஜெர்மன்காரத் தம்பி இடம் கிடைக்கவேண்டும் என்று. கப்டனும் அங்கே நின்றார். ஜெர்மன்காரத் தம்பிக்காக யாராவது விலகவேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். இத்தனை விண்ணப்பங்களும் ஒரே சந்நிதியில் குவிந்துகிடந்தன. ஆறு முகமும் பன்னிரு கரமும் உடைய பெருமானே ஆனாலும், கிடாரம் ஒன்றுதானே, என் செய்வான்?

அடுத்த ஞாயிறு விரதம் முடிந்த வயிறுகள் வந்தன. அதை நான் விரித்துரைக்கப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்த இருவரின் முறை வருமுன்னே அகப்பை கிடாரத்தின் அடியில் உரசியது. கப்டன் செய்வதறியாது கடையின் முன்பக்கம் ஓடி ஒரு தட்டு ரோல்ஸோடு திரும்பி வந்தார். அதே வேளை ஸ்டாலின்கிராட் கழகத் தலைவர், முறைப்படி மேற்பார்வை செய்ய, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"இதென்ன கோதாரி? ரெண்டாவது கிடாரம் தட்டு வடிவிலை வருதோ?"

நான்கு கழகங்களின் தலைவர்களும் அதே மண்டபத்தில் கூடினார்கள். ஒருவரை விடுவிக்கவேண்டும், அல்லது வரும் கோடையில் எங்கள் கழகம் ஆடக்கூடாது. இதுவே அவர்கள் சொன்னது. எல்லார் கண்களும் என்னை நோக்கின. அப்போது என் மருமகன் எழுந்து, கால்காப்புகள் இருந்த பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"மாமா, நான் விலகிறன். உங்களுக்கு என்னாலை ஒரு குறை வேண்டாம்."

பையின் வாய் திறந்திருந்தது. துடைத்த துடைப்பில் அந்தக் கால்காப்புகள் பளபளத்தன. நான் எழுந்து ஸ்டாலின்கிராட் தலைவரைப் பார்த்துக் கேட்டேன்.

"சபைக்கு ஒரு கேள்வி. மருமகனுக்கு மாமன் வீட்டிலை போடுற சோறு ஊதியமோ?"

"அதெப்பிடி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். அவருக்கு இரண்டு மருமக்கள். இருவரும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊதியம் என்றால், அவர் இதுகாறும் போட்ட விருந்தெல்லாம் கூலி, அவர்கள் கூலியாட்கள். மற்ற இரு தலைவர்களும் தத்தம் வீட்டு மேசையை மனக்கண்ணில் கண்டு நெளிந்தார்கள்.

"அது ஊதியமில்லை," என்றார் கடைசியில், முருங்கைக்காய்ச் சக்கையை விழுங்கியவர் போல. "அது முறை."

"அப்ப என்ரை மருமகன் இனி வீட்டிலை சாப்பிட்டுட்டு வருவார். கிடாரத்திலை அவர் கை வைக்கமாட்டார்."

மூன்று முன்வரிசைக்காரருக்குரிய இடம் அக்கணமே கிடாரத்தில் திறந்தது. மன்னார்ப் பொடியனை நானே போய் அழைத்து வந்தேன். "அண்டைக்கு நான் பருப்புக் கேட்டதை மன்னிச்சாச்சோ?" என்று கேட்டுக்கொண்டே வந்து, அன்றும் பருப்புக் கேட்டார். மருமகன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் என் செருப்பை எடுத்து வைத்தார். எத்தனை தடுத்தும் கேட்கவில்லை.

அன்றுமுதல் ஞாயிறு காலை நான் ஓதும் பதிகங்களுக்கு எங்கள் வீட்டு அடுப்பங்கரையே தாளம் போடுகிறது. மனைவி என்னோடு சில வாரங்கள் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது முதலில் பேசியது தேங்காய்ப்பால் தீர்ந்துவிட்டதைப் பற்றி.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கப்டன் மறுபடியும் செருப்புகளின் பக்கத்தில் காத்து நின்றார்.

"ஐயா, உங்கடை இளைய பிள்ளைக்கு இடம் பாக்கிறியளோ?"

"ஏன் தம்பி?"

"ஜெர்மன்காரப் பொடியன் நல்ல பொடியன். பப்பியே, விசா எல்லாம் சரி. கோயிலுக்கும் வாறவன்." சற்றுத் தயங்கினார். "கிடாரத்திலையும் கொஞ்சம் இடம் வரும்."

ஞாயிறு காலை, மருமகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இச்செய்தியை மேசையில் வைத்தேன். இளைய மகள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அது ஓம் அன்று என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மனைவி இடியப்பத் தட்டோடு நின்றபடி, "உங்கடை கப்டனுக்குச் சொல்லுங்கோ, இந்த வீட்டிலையும் கிடாரம் ஒண்டுதான் எண்டு" என்றாள்.

மருமகன் நாலாவது தடவையாகத் தட்டை அவள் பக்கம் நீட்டிக்கொண்டே சிந்தித்தார்.

"ஆள் நல்லவர்தான் மாமா. ஆனால் சாப்பாடுதான் கொஞ்சம் கூடப்போலை கிடக்கு."