கராச்சிக்குப் போன என் மடிக்கணினி

நான் மலேசியாவின் பத்து காஜா நகரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். என் பழைய மடிக்கணினி திறக்கவே மறுத்ததால், பழைய சாமான் வாங்க லோரியில் வரும் முனியாண்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, வெளிநாட்டு எண் ஒன்றிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. என் அடையாள அட்டையின் நகல்! "இது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. உடனே கணவரிடம் காட்டினேன்.

"ஸ்கேம் லா இது. பிளாக் பண்ணு," என்றார் கணவர்.

அதற்குள் அடுத்த செய்தி வந்தது. அவர் கராச்சியில் கணினி பழுதுபார்ப்பவராம். எடைக்கு வாங்கிய பழைய கணினிகளில் என்னுடையதும் இருந்ததாம். அதிலிருந்த என் வேலை விண்ணப்பத்தில் எண்ணைப் பார்த்தாராம். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், பயப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார்.

அடுத்த முறை லோரி வந்தபோது ஓடிப்போய்க் கேட்டேன். "நான் ஈப்போவுல ஒரு பழைய சாமான் ஸ்டோர்ல போட்டேன் அக்கா. அங்கேருந்து எங்க போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும் லா?" என்று அண்ணனும் விழித்தார்.

திறக்காத கணினிக்குள் என் விவரங்கள் எப்படி இருந்தன? எத்தனை கை மாறிக் கடல் தாண்டின? அவர் உண்மையிலேயே அழித்தாரா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வங்கிக் கடவுச்சொற்களை மட்டும் அன்றே மாற்றினேன்.

போன மாதம் கணவரின் கணினி கெட்டபோது, கடையில் கொடுத்து, விவரங்கள் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு, மீதியை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

– ச. கலாவதி, பத்து காஜா