பல்லேடியம் பூசிய வலை

அந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசியவள் அவள். எல்லோருக்கும் ‘முலாம் அக்கா’. முலாம் பிடிக்கச் சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. அதைக் கழுவக் குளோரின் கலந்த ஒரு கரைப்பான் உண்டு. கழுவிய கழிவைப் பின்பக்கக் குழியில் ஊற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

பின்தெருவில் தங்கை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒருநாள் இனிப்பான நெடி அடித்தது. முகர்ந்ததுமே அது அந்தக் கரைப்பானின் நெடி என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நேரே மேனேஜரிடம் போனாள்.

“அதான் குழாய்த் தண்ணி வருதில்ல, கிணத்த ஏன் நோண்டறீங்க?”

“நாமதான சார் ஊத்தினோம்.”

ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு கல்லூரி ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே வேதியியல் டீச்சர் அதே கரைப்பான் விஷத்தை மின்சாரத்தால் உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லேடியம் என்ற உலோகம் பூசிய நிக்கல் வலையைத் தண்ணீரில் இறக்கிக் கரண்ட் விட்டால், குளோரின் கழன்று வெறும் உப்பாகிவிடும். ஆனால் பூச்சு இரண்டே நாளில் உரிந்துவிடுகிறது என்று அலுத்துக்கொண்டார்.

அக்கா வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நிக்கல் மேல காத்துப் பட்டு மெல்லிசா ஏடு படிஞ்சிருக்கு டீச்சர். அமிலத்துல அத எடுக்காம பூசினா எப்படி ஒட்டும்? பூசும்போது கரண்டையும் பாதியாக் குறைங்க.”

லீவு நாட்களில் அவளே பூசிக் கொடுத்தாள். பூச்சு நின்றது. கிணற்றுத் தண்ணீரை அதில் ஓடவிட்டபோது, விஷம் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துபோனது.

விஷயம் மேனேஜர் காதுக்கு எட்டியது. “இந்த வேலை வேணுமா, அந்த லேப் வேணுமா?”

“எனக்கு ரெண்டு கை இருக்கு சார். ஒரு கை வேலையத்தான் நீங்க பறிக்க முடியும்.”

மறுநாள் வேலை போயிற்று. அன்றே குழி இருக்கும் இடம், ஊற்றிய வருஷங்கள், ஊற்றியவர்கள் எல்லாவற்றையும் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் நீட்டினாள். முதல் பெயர் அவளுடையது.

“உன் பேரையும் ஏன்டி போட்ட?” என்றான் கணவன்.

“நானும் ஊத்தினேன்ல.”

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தாளைத் திரும்பக் கேட்கப் போகவில்லை.

குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். கிணறுகளைத் தொழிற்சாலையே சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாலு கிணற்றடியிலுமாக, வலை இறக்கிய ஆறு தொட்டிகள் அமைந்தன. தங்கை வீட்டுக் கிணறு தேறிவிட்டது. இன்னும் மூன்று கிணறு பாக்கி. மாதாமாதம் வலைகளைக் கழற்றிப் புதுப்பூச்சுப் போடுவது அக்காதான்.

போன வாரம் மேனேஜர் கிணற்றடிக்கு வந்தார். “பழையபடி வேலைக்கு வந்துடுங்களேன்.”

வலையைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. “கையுறை அங்க தொங்குது. மாட்டிட்டு அந்த வலையப் பிடிங்க.”