தேய்த்தால் வரும் நிறங்கள்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை கோடு போடுவது. ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில், ஓசூர் போகும் சாலையில் இருந்த ஒரு பஸ் ஷெட்டில் பெயின்டராக இருந்தேன். பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு விரல் அகலத்துக்குக் கோடு ஓடும் அல்லவா, அதை இழுப்பவன் நான். மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். நடுவில் தும்மல் வந்தால் அன்றைய வேலை போச்சு.

ஒவ்வொரு வண்டியும் வருஷம் ஒரு தடவை மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்வைக்குப் போகும். அதற்குமுன் புதுப் பெயின்ட் அடித்தாக வேண்டும். பழைய பெயின்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, நசுங்கின இடத்தில் பட்டி வைத்து அடைத்து, அதையும் தேய்த்துச் சமமாக்கி, பிரைமர் அடித்து, அதன்மேல் கம்பெனி நிறம். பச்சை. எங்கள் முதலாளிக்குப் பச்சையைத் தவிர உலகத்தில் வேறு நிறம் இருப்பதாகவே தெரியாது. பச்சைக்கு மேல் வெள்ளைக் கோடு, வெள்ளையில் ஊர்ப்பெயர்கள். மேஸ்திரி ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. என்னைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறைதான். "கை இருக்குது, பொறுமை இல்லப்பா உனக்கு" என்பார். பத்துப் பேர் முன்னால் சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவை முதலாளி மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டு வண்டியை வாங்கி வந்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் ஓடிய வண்டி. எத்தனை பேர் கை மாறி வந்ததோ, ஒவ்வொருவரும் தன் நிறத்தை அடித்துவிட்டுப் போயிருந்தார். அதன் பின்பக்கத் தகரத்தைத் தேய்க்கச் சொல்லி என்னை விட்டார்கள். நீலத்தைத் தேய்த்தேன். அடியில் மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குள் ஒரு செம்மண் நிறம், அதற்கும் கீழே கரி கேஸ் சூடு பட்டுக் கருகின ஒரு கறுப்பு. ஓர் இடத்தில் அழுத்தினால் கறுப்பு பெரிதாகிறது, பக்கத்தில் லேசாகத் தடவினால் மஞ்சள் கரை கட்டுகிறது. எந்த இடத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பிடித்துப்போயிற்று. இதைச் செய், இப்படிச் செய் என்று யாரும் சொல்லாமலே என் கை அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி வந்து பார்த்தபோது பல இடங்களில் வெறும் தகரம் தெரிந்தது. அதிகமாகத் தேய்த்துவிட்டேன். தாளும் வீண், நேரமும் வீண் என்று கத்தினார். அன்று சாயங்காலமே அதன்மேல் நானே பிரைமர் அடித்தேன். சாம்பல் நிறத்துக்குள் அது ஒவ்வோர் அங்குலமாக மறைய மறைய முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தகரத்துக்காக ஒருவன் அழுவானா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஷெட்டில் கழித்துப் போட்ட ஒரு தகரத்தைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். டப்பாக்களின் அடியில் நிற்கும் பெயின்டை எடுத்துக்கொண்டால் மேஸ்திரி ஒன்றும் சொல்ல மாட்டார். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக் கல்லில் சாய்த்து வைத்து ஒவ்வொரு நிறமாகப் பூசினேன். பிரஷ் கைக்கு வந்தாலே கோடு போடத் தோன்றும் என்பதால் பழைய துணியால் பூசினேன். பூசினது காய வேண்டும். காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். இதில்தான் என் பிழைப்பு நாறியது. என்னால் காத்திருக்க முடியாது. வேலைக்குப் போகும்முன் ஒருதரம், வந்தவுடன் ஒருதரம் விரலால் தொட்டுப் பார்ப்பேன். பிசுபிசுக்கும். சரி, ஆனது ஆகட்டும் என்று அதன்மேலேயே அடுத்ததைப் பூசிவிடுவேன். மறுநாள் பார்த்தால் பால் ஆடைபோல மேலெல்லாம் சுருங்கிக் கிடக்கும். எந்தப் பெயின்டரும் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளும் தப்பு அது.

ஆனால் அந்தச் சுருக்கத்தைத் தேய்த்தபோது மேடெல்லாம் அறுபட்டு, பள்ளத்தில் இருந்த நிறம் மட்டும் நின்றது. தகரம் முழுக்க நரம்பு நரம்பாக, காய்ந்த ஏரியின் வெடிப்புபோல ஓடியது. பொறுமையாகக் காயவிட்டிருந்தால் அது வந்தே இருக்காது. என் பொறுமையின்மைக்கு ஒரு பயன் இருக்கிறது என்று வாழ்க்கையில் முதன்முதலாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

என் மனைவி வேப்பனப்பள்ளிப் பக்கம். பிறந்த வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ். அவள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னாது இது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா சோறு பூரா டர்பன்டைன் நாத்தம் அடிக்குது?"

பக்கத்து வீட்டுத் தபால்காரருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அவரும் வந்து பார்த்தார். மொழிப்படி பிரித்தால் எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகும், எல்லை எங்கே விழும் என்று டீக்கடைதோறும் பேசிக்கொண்டிருந்த காலம். "மேப்பு போட்டிருக்கற போல. இதுல ஓசூரு எந்தப் பக்கம்?" என்றார். மேப் இல்லை என்றேன். "அப்ப மலையா?" மலையும் இல்லை. "பின்ன என்னாதான்யா இது?" என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஷெட்டில் நான் எழுதுவதெல்லாம் ஏதாவதொன்றைச் சொல்லியாக வேண்டும், இந்த ஊர் போகும், இத்தனை பேர் உட்காரலாம் என்று. இந்தத் தகரம் ஒன்றாவது எதையும் சொல்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும். இதை அவரிடம் விளக்கிச் சொல்லப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தெருவில் எனக்குக் கொஞ்ச நாள் 'மேப்பு' என்று பெயர்.

தேய்க்கும்போது ஈரத்தில் மின்னுகிற நிறம் காய்ந்ததும் மங்கிவிடும். வார்னிஷ் அடித்தால் நிற்கும். வார்னிஷ் ஷெட்டில்தான் உண்டு. ஒரு தகரத்தை அங்கே கொண்டுபோய், மீந்த வார்னிஷை மத்தியானம் பூசி, டிரம்முக்குப் பின்னால் காய வைத்தேன். முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.

"யார்ரா இத போட்டது?"

நான்தான் என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"என்னாது இது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததே இப்படி இருக்குதா?" அவர் குனிந்து கிட்டத்தில் பார்த்தார். எதிர்க் கம்பெனிக்காரன் தன் வண்டிக்குப் பின்னால் யானை போட்டிருந்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "ராயக்கோட்டை வழியா ஓசூருக்கு விடப் போறோமே, அந்தப் புது வண்டி. அதுக்குப் பின்னால இதப் போடு. இதாட்டமே போடணும்னு இல்ல. உன் இஷ்டத்துக்குப் போடு."

உன் இஷ்டத்துக்கு. அந்த ஷெட்டில் அதுவரை அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

அந்த வண்டியின் பின்பக்கத்தில் நான் வேலை செய்த நாட்களில் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று நினைவில்லை. என்ன வரப்போகிறது என்று யோசிக்கவே இல்லை. சிவப்பு டப்பா பக்கத்தில் இருந்தது, சிவப்பு. அது காயும்முன் மஞ்சள். ஓர் இடம் மிகவும் அழகாக வந்துவிட்டால் பயம் வந்துவிடும், அதைக் காப்பாற்றத் தோன்றும். காப்பாற்ற ஆரம்பித்தால் கை இறுகிப்போகும். அதனால் அந்த இடத்தையே முதலில் தேய்த்து அழித்தேன். அழித்த இடத்தில் வேறொன்று வந்தது. மேஸ்திரி கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியவில்லை. உப்புத்தாள் கிழிந்து விரல் தோல் வழண்டபோது நிறுத்தினேன்.

வண்டி ஓடியது. ராயக்கோட்டைச் சந்தையில் காய்கறி மூட்டையோடு நிற்கிறவர்கள் அதை 'எரிஞ்ச வண்டி' என்றார்களாம். ஓசூரில் 'மயில் வண்டி' என்றார்களாம். எப்படியோ, வண்டியை எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முதலாளிக்குப் பரம திருப்தி. அடுத்த புது வண்டி வந்ததும் கூப்பிட்டார்.

"அதே மாதிரி இதுக்கும் போடு. ஒரு இம்மி மாறக் கூடாது. படிக்கத் தெரியாதவனும் நம்ம வண்டின்னு அடையாளம் கண்டு கை காட்டணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பஸ் நடத்துகிறவருக்கு அது நியாயம். அதே நிறங்களை அதே வரிசையில் பூசினேன். சுருக்கம் வேறு இடத்தில் விழுந்தது, நரம்பு வேறு பக்கம் ஓடியது. வந்தது நன்றாகவே இருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "இது வேற" என்றார். அழிக்கச் சொன்னார். கடைசியில் மேஸ்திரிதான் வழி சொன்னார். முதல் வண்டியின் மேல் காகிதம் ஒட்டி, உருவத்தைப் பென்சிலால் எடுத்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, அதைப் புது வண்டியில் வைத்துச் சாக்பொடி கட்டின சிறு துணி மூட்டையால் ஒற்றினால் அப்படியே இறங்கிவிடும். எழுத்துக்கு நாங்கள் செய்கிற வேலைதான். அப்படியே செய்தேன். நரம்பு ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் எழுதினேன். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். எனக்கு என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்தாகப் போட்டது போல இருந்தது.

முதலாளி என்னைத் தினக்கூலியிலிருந்து மாசச் சம்பளத்துக்கு மாற்றுவதாகச் சொன்னார். இனி வருகிற வண்டிக்கெல்லாம் இதைப் போடுவது மட்டும்தான் என் வேலை. வீட்டில் வந்து சொன்னேன். முடியாது என்று சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். என் மனைவி அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை.

"ஒருக்கா போட்டத இன்னொருக்கா போட்டா கை தேஞ்சா போயிடும்? நான் தெனமும் அதே களியத்தான கிண்டறேன்?"

"உன் களி ஒரு நாளைக்கு இருக்கற மாதிரி இன்னொரு நாளைக்கு இருக்குதா?"

துடுப்பு நின்றது. நான் சொன்னதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்குக் களி கிடைக்கவில்லை. என் பயத்தை அவளிடம் சரியாகச் சொல்லத் தெரியாமல்தான் ஏதோ உளறினேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். இந்தக் கைக்கு இஷ்டம் என்று ஒன்று வந்து சேர்ந்ததே இப்போதுதான், காகிதத்தில் துளை போட்டுத் துளை போட்டு அதை இழந்துவிட்டால் திரும்ப எங்கே போய்த் தேடுவேன்?

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். "கோடு போடச் சொல்லுங்க, போடறேன். எழுத்து எழுதறேன். இது மட்டும் திரும்பப் போட என்னால ஆகாதுங்க." அவர் திட்டவில்லை. திமிர் என்று மட்டும் சொன்னார். நான் தினக்கூலிக்கே திரும்பினேன். அந்த வேலை மேஸ்திரிக்குப் போயிற்று. என் மனைவி என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள்.

மேஸ்திரி என்னைவிட நன்றாகப் போட்டார். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வயிறு எரிந்தது. நரம்பெல்லாம் ஒரே பருமன், கரையெல்லாம் சுத்தம். ஒவ்வொரு வண்டியாக அந்தப் படத்தோடு ஷெட்டைவிட்டுப் போனது. நான் பக்கவாட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு கோடு இழுத்தேன். வீட்டில் தகரம் மாற்றித் தகரம் தேய்த்தேன். நன்றாக வந்தவற்றை விறகுச் சாய்ப்பில் அடுக்கினேன், வராதவற்றின்மேல் திரும்பப் பூசினேன். யாருக்கும் காட்டவில்லை.

வருஷம் திரும்பியது. இன்ஸ்பெக்டர் பார்வைக்காக முதல் வண்டி ஷெட்டுக்கு வந்தது. முதலாளி அதை மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இது மட்டும் கரடுமுரடா இருக்குதே. அழிச்சுட்டு மத்ததாட்டம் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் தேய்ச்சிக்கறேன். நீ போயி கோட்டப் பாரு" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு தணிந்த குரலை நான் கேட்டதில்லை.

நானே தேய்க்கிறேன் என்றேன்.

முதல் இழுப்பு கஷ்டமாகத்தான் இருந்தது. வார்னிஷ் வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து வந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். தண்ணீரை ஊற்றினேன். சிவப்பின் கீழே நான் மறந்தே போயிருந்த ஒரு நீலம் கிடந்தது. அதன் ஓரத்தை அழுத்தினேன், அது மஞ்சளுக்குள் நகர்ந்தது. ஒரு வருஷம் வெயிலிலும் புழுதியிலும் ஓடி அங்கங்கே பெயின்ட் இறுகிப்போயிருந்ததால் தாள் அங்கே வழுக்கியது, வேறு இடத்தில் ஆழமாகக் கடித்தது. முன்பு இருந்தது எப்படி இருந்தது என்பதே எனக்கு நினைவில்லாமல் போயிற்று. சாப்பாட்டு மணி அடித்ததாம். எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி துளை போட்ட காகிதத்தையும் சாக்பொடி மூட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். நின்றார். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார்.

"போன தடவ போட்டத விட இது நல்லா இருக்குதப்பா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முதலாளிகிட்ட நான் பேசட்டுமா? இப்படியே விட்டுடலாம்" என்றார்.

எனக்கு உடனே பதில் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வேணாம் மேஸ்திரி. பிரைமர் அடிச்சிடுங்க. வீட்ல ஒரு தகரம் காஞ்சிருக்கும், நான் போவணும்."

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அந்தத் தகரத்தைக் காலையில்தான் பூசியிருந்தேன். அது காய்ந்திருக்காது என்று எனக்கும் தெரியும், என் பொறுமையை அறிந்த அவருக்கும் தெரியும்.