மூடியின் உட்புறத்தில் மூன்று பொட்டு

நீண்ட இரும்புக் கோலின் நுனியில் ஒரு வட்டக் கண்ணாடியைப் பொருத்தி, அதன் கீழே சிறு சக்கரங்கள் வைத்திருப்பார்கள். வண்டியின் அடியில் அதை உருட்டிச் சென்றால் குனியாமலேயே அடிப்பாகம் முழுவதையும் பார்த்துவிடலாம். இன்று மைசூரின் பெரிய கடை வாசல்களில்கூட அதைக் காணலாம். ஆனால் கோலைப் பிடித்திருப்பவரின் கண் பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கும். நான் அதை முதன்முதலில் கண்டது, நஞ்சன்கூடு சாலையில் நான் வேலை பார்த்த தொழிற்கூடத்தின் வாயிலில். அங்கே அதைப் பிடித்திருந்தவரின் கண் வேறெங்கும் போய் நான் பார்த்ததில்லை. லாரியைச் சோதித்து முடித்தபின் கோலைச் சற்று உயர்த்தி, அதே கண்ணாடியில் தம் மீசையைச் சரிபார்த்துக்கொள்வார். அதன் பிறகுதான் தடுப்புக் கம்பம் மேலே போகும்.

அவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, எல்லைச் சோதனைச் சாவடிகளில் பல காலம் நின்று, ஓய்வு பெற்றபின் எங்களிடம் வந்தவர். தொழிலாளர்கள் அவரை ‘மேஜர்’ என்று அழைத்ததில் பாதி மரியாதை, பாதி கேலி. நான் அங்கே சரக்குக் கிடங்கின் பொறுப்பாளன். வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றிப்போகும் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புப் பொடியைப் பொட்டலமிட்டு, பெட்டிகளில் அடுக்கி, போர் நடக்கும் நாடுகளுக்கு உதவிப் பொருளாக அனுப்புவது எங்கள் வேலை. எந்த நாடு, எந்த எல்லை என்று அலுவலகம் எங்களுக்குச் சொன்னதில்லை. கேட்டால், “நமக்கு சென்னை ஹார்பர் வரைக்கும்தான் கணக்கு” என்று வாயை அடைத்துவிடுவார்கள். சொல்லாமல் விடப்படும் விஷயத்தில் ஏதோ இருக்கிறது என்னும் ஐயம் எனக்கு அப்போதே உண்டு. வயது ஏறியும் அது குறையவில்லை.

மேஜரின் ஐயமோ எவரையும் விட்டுவைக்காத ஐயம். காலையில் நஞ்சன்கூடு ரயிலில் வந்து இறங்கும் பெண்களின் சாப்பாட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். பொட்டலக் கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவரான ஓர் அம்மாள், அனைவரும் ‘பெரியக்கா’ என்று அழைப்பவர், தினமும் அவரை வம்புக்கு இழுப்பார்.

“என்ன மேஜர், என் புளிசாதத்துக்குள்ள குண்டா வச்சிருக்கேன்?”

“நீங்க வச்சாலும் வப்பீங்க. தொறங்க அக்கா. நம்பிக்கை எல்லாம் வீட்டோட.”

பெரியக்கா பையைத் திறப்பார். சாப்பாட்டுடன் ஒரு சிறு தகர டப்பாவும் இருக்கும். அதையும் திறக்கச் சொல்லி, உள்ளே சந்தனமும் குங்குமமும் இருப்பதைக் கண்டு, மூடிக் கொடுத்துவிடுவார். என் உணவுப் பாத்திரத்தையும் அவர் அவ்வாறே திறந்து பார்த்தவர் ஆகையால், அந்த டப்பாவுக்குத் தனிச் சலுகை ஏதும் காட்டினார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் முற்பகலில் மேலாளர் என்னையும் மேஜரையும் தம் அறைக்கு அழைத்தார். அவர் கன்னடக்காரர், எங்களுடன் பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் கலந்துகொள்வார். மேசைமேல் ஒரு புகைப்படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி கிடந்தது. எங்கள் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது; மூடியின் உட்புறத்தில் வரிசையாக மூன்று கரிய புள்ளிகள். தொலைதூர எல்லையொன்றில் எங்கள் சரக்கை நிறுத்தி, அந்தப் புள்ளிகளை ஏதோ இரகசியக் குறியென்று கருதி, லாரிகள் அனைத்தையும் இறக்கிப் பெட்டிகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்களாம். தக்க விளக்கம் வரும்வரை ஒரு பொட்டலமும் எல்லையைத் தாண்டாதாம். “நோடி, இது சிக்னல். யாரோ உள்ள இருந்து மாடியிருக்காங்க” என்றார் மேலாளர்; உள்ளிருந்து எவரோ செய்த வேலை என்பது அவர் முடிவு. பெட்டியின்மீது அதைக் கட்டிய மேசையின் எண்ணும், அந்தச் சரக்கின் கடைசிப் பெட்டி என்ற குறிப்பும் இருந்தன. அந்த மேசையில் இருந்தவள், தலையில் முக்காடிட்டு வரும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். சரக்கு செல்லும் நாட்டு மக்களின் மதமும் அவளுடைய மதமும் ஒன்று என்பது தவிர அவளுக்கு எதிராக வேறொன்றும் இல்லை. மேலாளருக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் மாலைக்குள் அவளைக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்போவதாகச் சொன்னார்.

இந்தச் செய்தி பொட்டலக் கூடத்துக்குள் எங்களுக்கு முன்பே போய்விட்டது. நான் உள்ளே நுழைந்தபோது பேச்சு அறவே நின்றிருந்தது. அவளுடைய மேசைக்கு இருபுறமும் இருந்த பெண்கள் தங்கள் இருக்கைகளைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தனர். அவள் தலைகுனிந்து வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். அழவுமில்லை, மறுக்கவுமில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்த மௌனத்தை நானும் நல்ல அறிகுறியாகக் கொள்ளவில்லை. மேஜரிடம், “என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “ரொம்ப சுலபமா கெடச்சிட்டா சார். இப்படிக் கெடைக்கிற ஆளை நான் நம்ப மாட்டேன்” என்றார். பிறகு என்னையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். “உங்க மேலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு. கிடங்குச் சாவி குடுங்க.”

கிடங்கில் அடுத்த சரக்கு லாரிக்காகக் காத்திருந்தது. அதில் கடைசியாகக் கட்டப்பட்ட பெட்டி எதுவென்று கேட்டார், காட்டினேன். முத்திரை நாடாவை அறுத்து மூடியைத் தூக்கினார். அதே இடத்தில் அதே மூன்று புள்ளிகள். ஆனால் இங்கே அவற்றுக்கு நிறம் இருந்தது: ஒவ்வொன்றிலும் நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள். மேஜர் நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம். அந்தப் பெட்டி கட்டப்பட்டபோது அந்தப் பெண் தன் தமக்கையின் திருமணத்துக்காக விடுப்பில் இருந்தாள். அந்த விடுப்பை அவரே வாயில் பதிவேட்டில் குறித்திருந்தார். பெட்டி மூடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பின்னர், “டெய்லி என் கையால தொறந்து மூடிக் குடுத்தேன் சார்” என்றார். “எங்க வீட்டுலயும் அதே டப்பா இருக்கு. அதனால விட்டுட்டேன்.”

பொட்டலக் கூடத்துக்குத் திரும்பி, பெட்டி மூடியைப் பெரியக்காவின் முன் வைத்தார்.  பெரியக்காவின் முகம் வெளுத்தது.

“தப்பா எதுவும் பண்ணலையே மேஜர்! பொட்டிக்கு வெளியே எதுவும் இருக்கக் கூடாதுன்னாங்க, அதான் உள்ள வச்சோம். ஒவ்வொரு லோடுலயும் கடைசிப் பொட்டிக்கு மூணு பொட்டு. போற எடத்துல புள்ளைங்க குடிக்கிற மருந்து. நல்லபடியா போய்ச் சேரட்டும்னு வைக்கிறதுதானே?”

“அத அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“போலீசுன்னாங்களே சார்...” என்று அவர் இழுத்தார். மற்றவர்கள் அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மேஜர் அந்த இளம்பெண்ணின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, உன் மேசையிலதானே வச்சாங்க? உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“பின்ன ஏன் வாயத் தொறக்கல?”

“நான் சொன்னா யாரு சார் நம்புவாங்க? அக்காவை மாட்டிவிடறான்னுதான் சொல்வாங்க.”



முகமறியாத குழந்தைகளுக்காகப் பொட்டு வைத்தவர்கள், தங்கள் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருந்த ஒருத்தி அகப்பட்டபோது வாய் மூடியிருந்ததைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அதே பெண்ணுக்குத் தங்கள் குழம்பிலிருந்து பங்கு கொடுத்தவர்கள். அச்சம் ஒன்று நுழைந்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். எல்லையில் நின்ற ஆயுதக்காரர்களும் எங்கள் பெட்டியைக் கண்டு அதையே செய்தார்கள். இரண்டுக்கும் இடையே கடல் இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு வேறுபாடு தெரியவில்லை.

நிற்க. மேலாளருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மேஜர் கொடுக்கவில்லை. “இது இங்கத்த வழக்கம், பூசைப் பொட்டு. அப்படியே எழுதி அனுப்புங்க. கேட்டுல டப்பாவ விட்டவன் நான். பேர் வேணும்னா என் பேர எழுதிக்குங்க” என்றார். அப்படியே எழுதப்பட்டது. இளம்பெண்ணின் வேலை தப்பியது. பெரியக்காவின் வேலையும் தப்பியது. மேஜரின் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. அவர் விடைபெற வந்தபோது, இத்தனை கறாரான மனிதர் ஒரு பெயரைச் சொல்ல ஏன் தயங்கினார் என்று கேட்டேன். கருணையால் என்பார் என எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

“கூடம் முழுக்கச் சேந்து வச்சது சார் அந்தப் பொட்டு. வாய மூடினதும் சேந்துதான். ஒருத்தி பேரச் சொல்லிட்டா மிச்சம் பேரு எல்லாம் நல்லவங்களாயிடுவாங்க. அத விடக் கூடாது.”

அந்த ‘மிச்சம் பேரு’க்குள் நானும் அடங்குகிறேனா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் மனத்தில் இருந்தது இரக்கமா, தம் காவல் தவறியதன் ரோஷமா என்பதையும் நான் அறியேன். விளக்கம் ஏற்கப்பட்டு சரக்கு எல்லையைக் கடந்துவிட்டதாக அலுவலகம் பின்னர் அறிவித்தது. கிழிக்கப்பட்ட பெட்டிகளின் கதி என்ன, வெயிலில் கிடந்த பொட்டலங்கள் எந்தக் குழந்தையின் வாய்க்குப் போயின என்று கேட்டேன். “போயிடுச்சுன்னா போயிடுச்சு” என்றார்கள். அதை நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன், நம்பவில்லை.

சென்ற வாரம் தேவராஜ மொஹல்லாவில் காய்கறி வாங்கச் சென்றவன், கால் ஓய ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் ஏதோ ஓர் எல்லை. உதவிப் பொருள் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றன. அனைத்தும் தடையின்றிச் செல்வதாகச் செய்தி வாசிப்பவர் கூறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சக்கரமும் அசையவில்லை. இறக்கி வைத்திருந்த பெட்டிகளின் திறந்த மூடிகளில் என் கண் தானாகவே பொட்டைத் தேடியது. அப்போது ஒரு காவலன், தலைக்கவசம் அணிந்த இளைஞன், சக்கரம் வைத்த கண்ணாடிக் கோலை முதல் லாரியின் அடியில் செலுத்தினான். ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான். பிறகு கோலைச் சற்று உயர்த்தி, அதே கண்ணாடியில் தன் மீசையைத் தடவிச் சரிசெய்துகொண்டான். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தடுப்புக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே போவதற்குள் படத்தை மாற்றிவிட்டார்கள்.