முத்துப் பல் என்று திருத்தினேன்

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதனாக இருந்தேன். தச்சநல்லூரிலிருந்து தினமும் ஆற்றைக் கடந்து போய்வருவேன். புது மன்னரின் முடிசூட்டுக்காகப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்த வருஷம் அது. யாப்பில் என்னிடம் குற்றம் கண்டுபிடிக்க ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

அந்த வருஷம் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா ஒருவர் என்னைத் தேடி வந்தார். கிறிஸ்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். வாந்திபேதியில் அவர் மனைவி ஒரே நாளில் போய்விட்டிருந்தாள். அவளை நினைத்து எழுதிய பாட்டுகள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய இருந்தன. முத்து முத்தான நகல் எழுத்து.

"அச்சுப் போடலாம்னு நெனைக்கேன் அய்யா. தளை, சீரெல்லாம் எனக்குச் சரியா வராது. நீங்க ஒரு தடவை பாத்துக் குடுக்கணும்" என்றார்.

படித்தேன். தளை தட்டாத பாட்டு ஒன்றுகூட இல்லை. வார்த்தைகளோ வீட்டுப் பேச்சு. அடுப்பில் சோறு குழைகிறது, இறக்கு என்று சொல்ல நீ இல்லை என்று ஒரு பாட்டு. இன்னொன்றில், உடைந்த பல் தெரியாமல் கையால் மூடிச் சிரிப்பாயே, அந்தக் கையை யார் கொண்டுபோனார்கள் என்று இருந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் பேனாவை எடுத்தேன்.

ஒரு மாதம் திருத்தினேன். திருத்தினேன் என்பதைவிட, அவருடைய வரிகளை மையால் அடித்துவிட்டு மேலே என்னுடையதை எழுதினேன் என்பதே உண்மை. பல் வந்த இடத்தில் 'முழுமதியோ முத்தோ முகமும் முறுவலும்' என்று ஒரு வெண்பா அடி போட்டேன். அதை எழுதிய அன்று சாப்பாடுகூட ருசியாக இருந்தது.

அவர் வந்து பார்த்தார். பக்கங்களை மெதுவாகப் புரட்டியவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"இது அவ பல்லைப் பத்தி எழுதினதுல்லா, அய்யா?"

"பெண்டாட்டிக்குப் பல் உடைஞ்சிருந்ததை ஊரறியச் சொல்லுவாங்களாவே? அச்சுல ஏறினா நூறு வருஷம் நிக்கும். அவளைப் பிற்பாடு படிக்கிறவன் எப்படி நெனைக்கணும்?"

"உடைஞ்சது உடைஞ்சதுதானே..." என்று இழுத்தார். பிறகு, "உங்களுக்குத் தெரியாததா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி நோட்டை மூடினார்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் என்னுடைய சாற்றுகவி. பிழையொன்றும் இல்லாத நூல் என்று அதில் பாடியிருந்தேன். என் வேலையை நானே புகழ்ந்துகொண்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊர்த் தமிழ்ச் சபையில் கூட்டம் போட்டு அவருக்கு மாலை போட்டார்கள். பேசிய நான்கு பேரும் அந்த முழுமதி அடியைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். துக்கம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையில் மதிப்புரை வந்தது. யாப்பு சுத்தம் என்று ஒரு வரி. அதன் பிறகு சாட்டையடி. இந்த உவமைகள் எல்லாம் ஆயிரம் பேர் கையாண்டு தேய்ந்தவை, புத்தகம் முழுக்கத் தேடியும் ஒரு பெண்ணைக் காணவில்லை, ஆசிரியர் உண்மையிலேயே மனைவியை இழந்தவர்தானா என்று ஐயுறத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தார்கள். கோர்ட்டில் அதை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சிரித்தார்களாம். அவர் நகல் எழுதுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்த வாரமே ஒரு பெண்மணி பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைப் பார்க்கவேண்டும் என்றார். மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை, இறந்துபோனவளின் அக்கா. கையில் அந்தப் புத்தகம்.

"நீங்கதானே திருத்தினது?"

"ஆமா."

"இதுல என் தங்கச்சி எங்கன இருக்கான்னு காட்டுங்க."

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்.

"பத்து வயசுல கெணத்தடியில வழுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டா. தூக்கிக்கிட்டு ஓடினது நான். முத்துப் பல்லாம்! அவரு எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டியிருக்காரு. அழுதுக்கிட்டே ரெண்டு பேரும் சிரிச்சோம். இப்ப ஊரு அவரைப் பொய்யன்னு சொல்லுது. அது உங்க வரின்னு நீங்க ஒரு வார்த்தை எழுதப்படாதா?"

"எழுதுதேன்மா" என்றேன்.

எழுதவும் செய்தேன். வசை முழுதும் எனக்குரியது, ஆசிரியருடைய சொந்த வரிகள் வேறு என்று பத்திரிகைக்கு ஒரு பக்கக் கடிதம். அப்போது தலைமைப் பண்டிதர் வேலை காலியாகும் தறுவாயில் இருந்தது. அடுத்த வாரம் அனுப்பலாம் என்று வைத்தேன். அடுத்த மாதம் என்று ஆயிற்று. வேலை எனக்குத்தான் கிடைத்தது. கடிதம் போகவேயில்லை. அவருடைய வரிகளையாவது மீட்கலாம் என்று நோட்டைக் கேட்டு அச்சுக்கூடத்துக்குப் போனேன். வேலை முடிந்ததும் பழைய தாளோடு தாளாக அதைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

குமாஸ்தா ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பக்கத்து ஊர்தானே என்று அவரைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அனுப்பாத கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். என்ன காரணம் என்பதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"பழையபடியே திரும்ப எழுதும்வே. நான் கைவைக்க மாட்டேன். அச்சுக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்" என்றேன்.

"எழுதிப் பாத்தேன் அய்யா" என்றார். "வரலை. இப்ப அவ சிரிக்கிறதை நெனச்சா உங்க வரிதான் முன்னால வந்து நிக்குது. பைய அதைத் தள்ளிவிட்டுத்தான் அவ முகத்தைப் பாக்க வேண்டியிருக்கு. சில நாளு அதுவும் முடியலை."

அதைக் குறையாகச் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். தெருமுனைவரை வந்து வண்டி பிடித்து ஏற்றிவிட்டார்.

அவர் இப்போது இல்லை. அவருடைய மதினி, அந்த ஆசிரியை, இன்னும் அதே மிஷன் பள்ளியில்தான் இருக்கிறார். வழியில் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை அந்த அம்மாள் கையிலாவது கொடுத்திருக்கலாம்.